கொழுப்புக் கட்டிதானே?

இன்பாக்ஸ்ல வர்ற போட்டோக்கள்ல பாதி கட்டி போட்டோதான். முதுகுல ஒண்ணு, முழங்கைக்குக் கீழ ஒண்ணு, தொடையில ஒண்ணு. கூடவே ஒரே வரி: "டாக்டர், இது கொழுப்புக் கட்டிதானே?" தனித்தனியா பதில் போட்டு மாளல. அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். நீளமான த்ரெட். தாம்பரத்துல ரயில் ஏறினவங்க ஆரம்பிச்சா பீச் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

முதல்லயே சொல்லிடறேன். போட்டோவைப் பார்த்து கட்டிக்குப் பேர் வைக்க மாட்டேன். போட்டோவில தெரியறது தோல்மேல இருக்கிற மேடு மட்டும்தான். அது எவ்வளவு ஆழத்துல உட்கார்ந்திருக்கு, எதோட ஒட்டியிருக்குங்கிறது தெரியாது. கட்டி விஷயத்துல பாதி கதை அந்த ஆழத்துலதான் இருக்கு.

நான் ஜெனரல் சர்ஜன். சாயங்காலம் குரோம்பேட்டையில கிளினிக். கீழே வர்ற ரெண்டு பேரும் அடையாளம் தெரியாம இருக்கணும்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நல்ல சேதி முதல்ல. உடம்புல மென்திசுவில வர்ற கட்டிகள்ல தோராயமா நூறுக்கு ஒண்ணுதான் புற்றுநோய். அந்த ஒண்ணுக்குப் பேர் சார்கோமா. பெரியவங்களுக்கு வர்ற எல்லாப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தாலும் சார்கோமா சுமார் 1 சதவீதம்தான். மிச்சம் பெரும்பாலும் கொழுப்புக் கட்டி, அதாவது லைபோமா. என் இடது முன்கையிலயே நிலக்கடலை அளவுக்கு ஒண்ணு இருக்கு. பன்னெண்டு வருஷமா வளரவும் இல்ல, போகவும் இல்ல. என் பையன் சின்ன வயசுல அதை அமுக்கி விளையாடுவான்.

சிக்கலே இந்த நூறுக்கு ஒண்ணுலதான். ஒரு குடும்ப டாக்டர் தன் சர்வீஸ் முழுக்கப் பார்க்கிற சார்கோமாவை விரல் விட்டு எண்ணிடலாம். தொண்ணூத்தொன்பது தடவை "கொழுப்புக் கட்டி"ன்னு சொல்லி சரியா இருந்த வாய், நூறாவது தடவையும் அதையேதான் சொல்லும். அவரைக் குத்தம் சொல்லலை. அந்த நூறாவது கட்டியும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பல நேரம் வலி கூட இருக்காது.

"வலி இல்லையே டாக்டரம்மா, அப்ப பயமில்லைல்ல?" இதை வாரத்துக்கு மூணு தடவையாவது கேட்கிறேன். மென்திசுக் கட்டியில வலிக்கு அவ்வளவு அர்த்தம் கிடையாது. சார்கோமா மாசக்கணக்குல வலியே இல்லாம வளரும். நேர்மாறா, நகத்துக்கு அடியில மிளகு சைஸ்ல வர்ற குளோமஸ் கட்டி பெரும்பாலும் சாதுவானது. ஆனா குளிர்ந்த தண்ணி பட்டாலே உயிர் போகும். பாத்திரம் தேய்க்கவே பயப்படற பெண்கள், நகச்சுத்தி, நரம்பு வலி, மனப்பிரமைன்னு எல்லாப் பேரும் வாங்கிட்டு வருஷக்கணக்குல அலைஞ்சிருப்பாங்க. நகத்துக்கு அடியில லேசா நீலப் புள்ளி தெரியும். எடுத்துட்டா வலி போயிடும்.

சரி, மென்திசுன்னா என்ன? எலும்பு, மேல்தோல், உள்ளுறுப்புகளை விட்டுட்டா மிச்சமா உடம்பைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது எல்லாம். கொழுப்பு, தசை, நார், நரம்பு, ரத்தக்குழாய். ஞாயித்துக்கிழமை கறிக்கடையில தொடைக்கறியைப் பார்த்திருப்பீங்க. மேல கொழுப்பு. அதுக்குக் கீழ வெள்ளையா, வழவழன்னு ஒரு ஜவ்வு. அதுக்குக் கீழ சிவப்பா சதை. இந்த ஜவ்வை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி வரும்.

இதுல ஒவ்வொரு திசுவுக்கும் சாது ஒண்ணு, முரடு ஒண்ணு உண்டு. கொழுப்புல லைபோமா, லைபோசார்கோமா. நரம்பு உறையில வர்ற ஷ்வானோமா சாது. அதைத் தட்டினா கரண்ட் அடிச்ச மாதிரி விரல் நுனி வரைக்கும் ஓடும். ரத்தக்குழாய்ல ஹெமாஞ்சியோமா, ஆஞ்சியோசார்கோமா. குழந்தைகளுக்குத் தசை வகையில ராப்டோமையோசார்கோமா. உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வகைப்பாட்டுப் புத்தகத்துல இப்படி நூறுக்கும் மேல பேர் இருக்கு. எனக்கே எல்லாம் மனப்பாடம் இல்ல, பதாலஜிஸ்ட் நண்பருக்குத்தான் போன் அடிப்பேன்.

ஆனா நல்லது, கெட்டதுன்னு அந்தப் புத்தகம் ரெண்டாப் பிரிக்கலை. நடுவுல இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு, வேற உறுப்புக்குப் போகாது, ஆனா இருக்கிற இடத்துல வேரோடி தொந்தரவு பண்ணும், எடுத்தாலும் திரும்ப வரும். டெஸ்மாய்டுன்னு ஒண்ணு இந்த வகை. பிரசவத்துக்குப் பிறகு வயித்துச் சுவர்லயோ சிசேரியன் தழும்புலயோ கூட வரும். இப்பல்லாம் பல டெஸ்மாய்டுகளைக் கத்தி வைக்காம கவனிச்சுட்டே இருக்கோம், சிலது தானா சுருங்குது. இன்னொரு பெட்டி, எப்பவாவது அபூர்வமா பரவக்கூடியது. ரிப்போர்ட்ல "இன்டர்மீடியட்"னு பார்த்துட்டு சிலர் கேன்சர்னு அழறாங்க, சிலர் கேன்சர் இல்லைன்னு பாலோ-அப்புக்கே வர்றதில்ல. ரெண்டும் வேண்டாம்.

"லைபோமா நாளாக நாளாக கேன்சரா மாறுமா?" பொதுவா மாறாது. பெரும்பாலான சார்கோமா ஆரம்பத்துல இருந்தே சார்கோமாதான். ஒரு முக்கியமான விதிவிலக்கு நியூரோபைப்ரோமடோசிஸ்: உடம்பு பூரா பால் விட்ட காபி நிறத்துல திட்டுகளும், நரம்புல கட்டிகளும் வர்ற பரம்பரை நோய். அவங்களுக்கு இருக்கிற கட்டிகள்ல ஒண்ணு திடீர்னு வளர்ந்தாலோ வலிச்சாலோ உடனே காட்டணும்.

இப்ப அந்த ஜவ்வுக்கு வருவோம்.

அஸ்தினாபுரத்துல இருந்து ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார். அம்பது வயசு தாண்டினவர். வந்தது சுகருக்கு. கிளம்பும்போது வாசல்ல நின்னு அவர் மனைவிதான் சொன்னாங்க, "தொடையையும் ஒரு தடவை பாருங்கம்மா, கைலி கட்டினா ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது." இவர், "அது ஒண்ணுமில்ல டாக்டரம்மா, நரம்பு சுருண்டிருக்கு, எண்ணெய் தேய்ச்சு நீவிக்கிட்டுதான் இருக்கேன்"ன்னார். ஒண்ணரை வருஷமா நீவியிருக்கார்.

படுக்க வெச்சு, "அண்ணே, காலை நேரா தூக்குங்க"ன்னேன். தசை இறுகினதும் கட்டி அசையவே இல்ல, பாதி உள்ளே மறைஞ்சு போச்சு. தோலுக்கும் ஜவ்வுக்கும் நடுவுல இருக்கிற கட்டியா இருந்தா தசை இறுகும்போது இன்னும் எடுப்பாத் தெரியும், விரலால தள்ளினா நழுவும். இது ஜவ்வுக்குக் கீழ, சதைக்குள்ள இருந்தது. டேப் வெச்சு அளந்தா 11 சென்டிமீட்டர்.

நாங்க பார்க்கிற எச்சரிக்கை நாலு. 5 சென்டிமீட்டருக்கு மேல, அதாவது நல்ல பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல. வளர்ந்துக்கிட்டே இருக்கிறது. ஜவ்வுக்குக் கீழ இருக்கிறது. ஒரு தடவை எடுத்த இடத்துலயே திரும்ப வர்றது. இதுல ஒண்ணு இருந்தாலும் ஸ்கேன் பார்க்காம கத்தி எடுக்கக் கூடாது. இவருக்கு மூணு இருந்தது.

எம்.ஆர்.ஐ.யில முழுக்கக் கொழுப்புதான், ஆனா நடுவுல தடிச்ச சுவர்கள் தெரிஞ்சுது. ஊசி பயாப்சியில வந்த துணுக்குல எம்.டி.எம்.2ங்கிற ஜீன் பல மடங்கு பெருகியிருந்தது. சாதாரண லைபோமாவுல அப்படி இருக்காது. முடிவு: அட்டிபிகல் லைபோமேட்டஸ் கட்டி, நடுப்பெட்டி வகை. முழுசா எடுத்தாச்சு, ஆறு வாரத்துல ஆட்டோ ஓட்ட ஆரம்பிச்சுட்டார். நீவுறதை நிறுத்தினதுல எண்ணெய்ச் செலவு மிச்சம்னு அவர் மனைவி சொன்னாங்க.

எச்சரிக்கை நாலும் கைகாட்டி மட்டும்தான், தீர்ப்பு இல்ல. அதுக்கு அடுத்தது.

பல்லாவரம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, பத்தொன்பது வயசு, காலேஜ் ரெண்டாம் வருஷம். அம்மா பூ கட்டி விக்கிறவங்க. கணுக்காலுக்குப் பக்கத்துல புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெருசா ஒரு கட்டி, ரெண்டு வருஷமா இருந்திருக்கு. ஓர் இடத்துல "கேங்கிலியான், ஜெல்லிக் கட்டி, பத்து நிமிஷ வேலை"ன்னு மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துட்டாங்க. ஸ்கேன் இல்ல. எடுத்ததை லேபுக்கும் அனுப்பலை. எட்டு மாசத்துல தழும்புக்கு அடியிலயே திரும்ப வந்தது. அப்பதான் என்கிட்ட வந்தாங்க.

நான் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த கட்டிக்கு ரிப்போர்ட் இருக்காம்மா?" அந்தம்மா பையைத் துழாவி டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைச் சீட்டு, பில்லு எல்லாத்தையும் மேஜைமேல வெச்சாங்க. ரிப்போர்ட் இல்ல. "கண்ணாலே காட்டினாங்க சாமி, வெள்ளையா இருந்துச்சு"ன்னாங்க. குப்பைக்குப் போன அந்த வெள்ளைத் துண்டுல எட்டு மாசம் முன்னாடியே பதில் இருந்திருக்கும்.

எம்.ஆர்.ஐ., அப்புறம் ஊசி பயாப்சி. சைனோவியல் சார்கோமா. பேர்ல மூட்டுச் சவ்வு இருக்கே தவிர அதுக்கும் மூட்டுச் சவ்வுக்கும் சம்பந்தமில்ல. மூட்டுப் பக்கத்துல அதிகம் வர்றதால பழைய ஆட்கள் வெச்ச பேர் ஒட்டிக்கிச்சு. இளவயசுல வரும், மெதுவா வளரும், சின்னதாவே வருஷக்கணக்குல இருக்கும், ஸ்கேன்ல சில நேரம் தண்ணிக்கட்டி மாதிரியே வேஷம் போடும். எக்ஸ் குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் உடைஞ்சு துண்டை மாத்திக்கிட்டதால வர்ற கட்டி. அந்த மாற்றத்தை லேப்ல தேடிக் கண்டுபிடிச்சுத்தான் பேரை உறுதி பண்றாங்க.

இப்படித் திட்டமில்லாம எடுக்கிறதுக்கு எங்க வட்டாரத்துல "ஊப்ஸ் ஆபரேஷன்"னு பேர். கேலியா இருக்கும், அனுபவிக்கிறவங்களுக்குக் கேலி இல்ல. சார்கோமாவைக் கொழுப்புக் கட்டின்னு நெனச்சு உரிச்சு எடுத்தா அதோட செல்கள் அந்தப் பள்ளம் முழுக்க ஒட்டியிருக்கும். மறுபடி ஆபரேஷன் பண்ணும்போது மூணுல ஒருத்தருக்கும் மேல மிச்சக் கட்டி கிடைக்குதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. முதல் தடவை கீறல் குறுக்கா போட்டிருந்தா இன்னும் மோசம். கை, காலில் நீளவாக்குல போட்ட கீறலை அடுத்த ஆபரேஷன்ல சுலபமா உள்ளடக்கி எடுத்துடலாம். குறுக்குக் கீறலுக்கு அகலமா தோலைத் தியாகம் பண்ணணும்.

பயாப்சியையே தப்பான இடத்துல பண்ணினா என்ன ஆகும்னு அமெரிக்காவில மேன்கின் என்கிற எலும்பு சர்ஜன் 1982-ல கணக்கெடுத்தார். 329 நோயாளிகள். அவங்கள்ல 4.5 சதவீதம் பேருக்கு, பயாப்சி சரியா நடந்திருந்தா தேவைப்பட்டிருக்காத உறுப்பு நீக்கம் நடந்திருக்கு. பதினாலு வருஷம் கழிச்சு 597 பேரை வெச்சு மறுபடி பார்த்தார். பெருசா எதுவும் மாறலை. சார்கோமாவுக்கு சிகிச்சை பண்ற மையத்துக்கு வெளியே பயாப்சி பண்ணினவங்களுக்கே தொல்லை பல மடங்கு அதிகம். ஊசி போடற இடத்தைக் கூட, நாளைக்கு கத்தி வைக்கப் போறவர்தான் தீர்மானிக்கணும்.

அதனால வரிசை முக்கியம். கை வெச்சுப் பரிசோதனை. அடுத்தது அல்ட்ராசவுண்ட்: தோலுக்குக் கீழேயா ஜவ்வுக்குக் கீழேயா, தண்ணியா சதையா, ரத்தம் ஓடுதான்னு சொல்லிடும். செலவு குறைவு, பெரும்பாலான கட்டிகளுக்கு இதோட கதை முடிஞ்சிடும். சந்தேகம் இருந்தா எம்.ஆர்.ஐ. அதுவும் பயாப்சிக்கு முன்னாடி. குத்தின பிறகு எடுத்தா உள்ளே ரத்தம் கட்டி படத்தைக் குழப்பும். அப்புறம்தான் கொஞ்சம் தடிமனான ஊசியால பென்சில் முள் மாதிரி நாலஞ்சு துணுக்கு எடுக்கிற டுரூகட் பயாப்சி. மெல்லிசு ஊசியில உறிஞ்சற எஃப்.என்.ஏ.சி. தைராய்டுக்கு அருமையான டெஸ்ட். சார்கோமாவுல செல் மட்டும் பத்தாது, செல்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்கணும். அதனால முதல் தடவை கண்டுபிடிக்க அதை மட்டும் நம்பறதில்ல. சார்கோமான்னு உறுதியானா நெஞ்சுக்கு சி.டி. எடுப்போம். அது பரவினா பெரும்பாலும் முதல்ல போற இடம் நுரையீரல்.

"ஊசி குத்தினா, கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே?" ஊர்ல இந்த பயம் சாமி பயத்தை விட ஜாஸ்தி. இதனால ஒரு வருஷம் கட்டியைத் துப்பட்டாவுல மறைச்சு வெச்சவங்களைப் பார்த்திருக்கேன். முறையா பண்ற ஊசி பயாப்சியில, ஊசி போன பாதையில கட்டி வர்றது ரொம்ப அபூர்வம். அந்தப் பாதையையும் ஆபரேஷன்ல சேர்த்தே எடுத்துடுவோம். திட்டமில்லாத கத்திக்குப் பயப்படறதுல நியாயம் இருக்கு. பயாப்சி ஊசிக்குப் பயப்படறதுல இல்ல.

கட்டி மாதிரி இருக்கிறதெல்லாம் கட்டியும் இல்ல. குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் பேரே தாம்பரம் சானடோரியம். 1928-ல டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கின ஆஸ்பத்திரியால வந்த பேர். அந்தக் காசநோய் நுரையீரலோட நிக்காம நெஞ்சுச் சுவர்லயும் இடுப்புலயும் தொடையிலயும் சூடே இல்லாத சீழ்க்கட்டியா வரும். தொட்டா சார்கோமாவோன்னு நமக்கே சந்தேகம் வரும். கீறிவிட்டா ஆறாத புண்ணாகும், ஆறு மாச மாத்திரையில பெரும்பாலும் கரையும். பயாப்சி இல்லாம யாரும் பெரிய ஆபரேஷனுக்கு ஒத்துக்காதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம மதுரை இந்த விஷயத்துல உலகப் புகழ். பாதம் வீங்கி, கட்டி கட்டியா கிளம்பி, ஓட்டை ஓட்டையா சீழும் குருணையும் வர்ற நோயை 1842-ல மதுரை மருந்தகத்துல இருந்த கில் என்கிற டாக்டர் எழுதி வெச்சார். 1846-ல கோல்புரூக் அதுக்கு "மதுரா பாதம்"னு பேர் கொடுத்தார். பிறகு பம்பாயில இருந்த வேன்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால வருதுன்னு சொல்லி மைசெட்டோமான்னு பேர் வெச்சார். கிரேயோட அனாட்டமி புத்தகத்துக்குப் படம் வரைஞ்ச அதே கார்ட்டர்தான். கடைசியில இருக்கிற "ஓமா"வுக்குக் கட்டின்னு அர்த்தம், ஆனா இது கிருமி. பூஞ்சையாலயும் வரும், பாக்டீரியாவாலயும் வரும். வெறுங்காலோட வயல்ல நடக்கிறவங்களுக்கு இன்னிக்கும் பார்க்கிறோம்.

நம்ம ஏரியாக்காரங்க கட்டாயம் கேட்கிற கேள்வி ஒண்ணு: "அந்தக் காலத்து குரோம் தோல் கம்பெனியாலயா டாக்டர் இது?" ஊர்ப் பேரே சேம்பர்ஸ் துரையோட குரோம் லெதர் கம்பெனியால வந்ததுதானே. நுரையீரல் புற்றுநோயோட தொடர்பு உறுதியானது ஆறு இணைதிறன் குரோமியம். தோல் பதப்படுத்தறதுல முக்கியமா பயன்படறது மூணு இணைதிறன் வகை. சுவீடன்ல தோல் தொழிலாளர்கள் மேல 1994-ல வந்த ஒரு ஆய்வுல மென்திசு சார்கோமா எதிர்பார்த்ததை விட அதிகமா இருந்தது. ஆனா அவங்க சந்தேகப்பட்டது குரோமியத்தை இல்ல, தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்கப் போட்ட குளோரோபீனாலை. முன்னாடி எடுத்த ரேடியேஷன், மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு வருஷக்கணக்கா வீங்கியே இருக்கிற கை, சில பரம்பரை ஜீன்கள், இதெல்லாம் தெரிஞ்ச காரணங்கள். பெரும்பாலானவங்களுக்கு காரணம்னு எதையும் சுட்டிக்காட்ட முடியாது. நைட்டு லேட்டா தூங்கினதால, இடிச்சுக்கிட்டதால, எண்ணெய்ப் பலகாரத்தால வந்ததில்ல. இடிச்சுக்கிட்டப்பதான் கட்டி இருக்கிறதையே கவனிச்சிருப்பீங்க, அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணுகிட்ட ரிப்போர்ட் சொன்னப்ப அவ கேட்டது ஒரே கேள்வி. "காலை எடுத்துடுவாங்களா மேடம்?" அம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு தரையைப் பார்த்துட்டு இருந்தாங்க. ஒரு காலத்துல எடுத்திருப்பாங்க. 1982-ல அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்துல ரோசன்பர்க் குழு 43 பேரை வெச்சு ஒரு சோதனை வெளியிட்டாங்க. சிலருக்குக் காலோ கையோ நீக்கம், மத்தவங்களுக்குக் கட்டியை மட்டும் அகலமா எடுத்து ரேடியேஷன். உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் தெரியலை. அதுக்கப்புறம் காலைக் காப்பாத்தறதுதான் வழக்கம், எடுக்கிறது விதிவிலக்கு.

அவளைப் பெரிய மையத்துக்கு அனுப்பினேன். பழைய தழும்போட சேர்த்து அகலமா எடுத்து, தொடையில இருந்து சதையும் தோலும் கொண்டுவந்து மூடினாங்க. பிறகு ரேடியேஷன். கால் இருக்கு. கொலுசு அந்தப் பக்கம் போட முடியாது, அதுல அவளுக்குக் கோபம். ஒரு செமஸ்டர் போச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சு ஸ்கேன், இதுவரைக்கும் சுத்தம். இன்னும் சில வருஷம் ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின நாளும் அந்தம்மா கிளினிக் வாசல்ல ஒரு முழம் மல்லி வெச்சுட்டுப் போவாங்க, எனக்குத் தெரியும்.

எங்க காட்டறது? நம்ம பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில சர்ஜரி ஓ.பி.யில முதல்ல காட்டுங்க. சந்தேகப்பட்டா செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, சென்னை ராஜீவ் காந்தி ஜி.எச்., 1954-ல இருந்து நடக்கிற அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், காஞ்சிபுரம் காரப்பேட்டையில அறிஞர் அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் கையில இருக்கட்டும்.

எந்தக் கட்டியை எங்க எடுத்தாலும், அஞ்சு நிமிஷ வேலையா இருந்தாலும், "லேபுக்கு அனுப்பறீங்களா?"ன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. கட்டி பார்மலின் பாட்டில்ல, உங்க பேர் எழுதின லேபிளோட போகணும். ரிப்போர்ட் வந்ததும் போன்ல "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா போதாது, தாளைக் கையில வாங்குங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா லேப்ல மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கோங்க. புது இடத்து பதாலஜிஸ்ட் அதைத் திரும்பப் பார்ப்பார், மறுபடி குத்தறது பல நேரம் மிச்சமாகும். பிளாக்கைத் துணியில சுத்தி டிபன் டப்பாவுல வெச்சு எடுத்துட்டுப் போங்க, வெயில்ல வண்டி டேங்க் கவர்ல வெச்சா மெழுகு உருகிடும். ஜி.எச்.சுக்குப் போறவங்க பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே இருக்கு. ஓ.பி. சீட்டு காலையிலதான், ஏழரை ரயிலைப் பிடிச்சுடுங்க.